கென்யாவுக்கு 12 நாள் மிஷன் பயணம்: வாலிபர்களை எப்படித் தயார்செய்வது?

தாமிரபரணிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்து (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒன்பது பேரை (ஐந்து பையன்கள், நான்கு பெண்பிள்ளைகள், எல்லாரும் 19 முதல் 25 வயது) கென்யாவின் மேற்கே கிசுமு பக்கம் வருகிற மே மாதம் 12 நாள் அழைத்துப்போகத் திட்டம். அங்குள்ள ஆங்கிலிக்கன் சபை ஒன்று கூப்பிட்டிருக்கிறது. கூடவருகிற பெரியவர்கள் சேகரகுரு ஐயாவும் நானும். யோசித்து வைத்திருக்கும் வேலை மூன்று: பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, ஒரு மருத்துவ முகாம் (இரண்டு பேர் நர்சிங் மாணவிகள்), சாயங்காலக் கூட்டங்கள். யாரும் இதுவரை கடல் தாண்டியதில்லை. நான்கு பேருக்குப் பாஸ்போர்ட் இனிமேல்தான் எடுக்க வேண்டும். கையில் எட்டு மாதம் இருக்கிறது. ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. விசா, ஊசி, பயிற்சி, பணம் இவற்றில் எதை எப்போது, எப்படி என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பெட்டிபடுக்கை:

தம்பி, டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் தேதியை மறுபடியும் பாருங்கள். மே மாதம் நம் பிள்ளைகளுக்குத்தான் விடுமுறை, கென்யாவில் பள்ளிக்கூடம் நடக்கும். அங்கே ஜனவரியில் கல்வியாண்டு தொடங்கி மூன்று பருவமாகப் போகும். பெரிய இடைவெளிகள் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் வரும், நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பரில். மேயில் போய் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தினால் வார நாட்களில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். இதோடு மார்ச் முதல் மே வரை அங்கே பெரிய மழைக்காலம். கிசுமுவிலிருந்து கிராமத்துச் சபைகளுக்குப் போகும் மண்சாலையில் வண்டி இறங்கிவிட்டால் அன்றைய நிகழ்ச்சி அவ்வளவுதான். ஆகஸ்ட் நல்ல மாதம், ஆனால் நம் கல்லூரிகள் நடக்கும். செமஸ்டர் முடிந்த டிசம்பர் முதல் இரண்டு வாரம் இரு பக்கத்துக்கும் ஒத்துவரும். மே தவிர வழியில்லை என்றால் வி.பி.எஸ்.ஸைக் கைவிட்டு, அங்குள்ள ஞாயிறுபள்ளி ஆசிரியர்களோடு சனிக்கிழமைப் பயிற்சி என்று மாற்றுங்கள். இன்னொன்று, 2027 ஆகஸ்டில் கென்யாவில் பொதுத்தேர்தல். கிசுமு அரசியல் சூடு அதிகமுள்ள ஊர். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை குழு எதையும் அனுப்பாதீர்கள்.

பாஸ்போர்ட்: நான்கு பேரும் இந்த மாதமே விண்ணப்பிக்கட்டும். இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் பெயர். இனிஷியலை விட்டுவிட்டு ஒற்றைப் பெயராகப் போட்டால், குடும்பப்பெயர் கட்டம் காலியாகிவிடும். பிறகு டிக்கெட்டில் ஒரு மாதிரி, மின்னணு அனுமதியில் இன்னொரு மாதிரி என்று பதிவாகி விமான நிலையக் கவுண்டரில் நிறுத்துவார்கள். துபாய் வழியாகப் போய் இடையில் ஊருக்குள் இறங்கிப் பார்க்கும் எண்ணமிருந்தால், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசிட் விசா நுழைவே கிடையாது, 2022 நவம்பரிலிருந்து அப்படி. ஆகவே புதிதாக எடுப்பவர்கள் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போடட்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்துக்கு எழுத்து எழுதட்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும்.

விசா: கென்யா 2024 ஜனவரியில் பழைய விசாவை எடுத்துவிட்டு மின்னணுப் பயண அனுமதிக்கு மாறியது. அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 30 டாலர். பாஸ்போர்ட் நகல், முகப்படம், தங்குமிடச் சான்று, போகவர டிக்கெட் வேண்டும். அழைப்புக் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள். மூன்று வேலை நாளில் வந்துவிடும் என்பார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். தேடினால் முதலில் விளம்பரமாக வருவதெல்லாம் ஏஜென்ட் தளங்கள், இரட்டிப்புப் பணம் பிடிப்பார்கள். கென்ய அரசின் தளத்தில் மட்டும் போடுங்கள்.

இதில் பலர் சறுக்குவது, 'சுற்றுலா' என்று டிக் செய்துவிட்டுப் போய்க் கூட்டம் நடத்துவது. சொந்தச் சபை விருந்தினராகப் போய் ஆராதனையில் சாட்சி (தன் விசுவாச அனுபவம்) சொல்வது வேறு, விளம்பரத் தட்டி வைத்து நாலு நாள் கூட்டம் நடத்துவது வேறு. மத ஊழியத்துக்கென்றே அங்கே தனி வகை அனுமதி உண்டு. குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. எது தேவை என்று அழைக்கும் சபை நைரோபியிலுள்ள குடிவரவுத் துறையிடம் கேட்டு, அவர்களே விண்ணப்பிக்கட்டும். எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் ஒன்பது பேரும் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும்: இன்ன சபையின் அழைப்பில், இன்ன ஊருக்கு, இத்தனை நாள். ஒருவர் 'சஃபாரி' என்றும் ஒருவர் 'சர்ச்' என்றும் சொன்னால் மொத்தக் குழுவும் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

சேகரகுரு ஐயாவும் நீங்களும், பெரியவர்கள் இருவருமே ஆண்கள். நான்கு பெண்பிள்ளைகள் போகும் குழுவில் இது கூடாது. ஐயரம்மாவோ (சேகரகுருவின் மனைவி) ஓர் ஆசிரியையோ தலைவர்களில் ஒருவராக வரட்டும், சும்மா துணைக்கு அல்ல. அப்படி வந்தால் 12 பேர். அங்கே வாடகைக்குக் கிடைப்பது 14 பேர் வேன். ஆளும் பெட்டியும் ஒன்றாக ஏறாது. ஒரு வாலிபரைக் குறைப்பதா, பெட்டிக்கு இன்னொரு வண்டியா என்று இப்போதே முடிவெடுங்கள்.

மருந்துச்சீட்டு:

உடல்நலப் பகுதியை நான் எழுதுகிறேன். இது பொதுவான வழிகாட்டல். ஒவ்வொருவருக்கும் மருந்தை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி: இங்கிருந்து போகும்போது இதை யாரும் கேட்காமல் இருக்கலாம், ஏனென்றால் இந்தியாவில் அந்த நோய் இல்லை. திரும்பி வரும்போதுதான் பிடி இறுகும். கென்யாவிலிருந்து வருபவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த நம் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு உண்டு, குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் போடுவார்கள். ஒரு குப்பி திறந்தால் பல பேருக்கு என்பதால் எண்ணிக்கையும் வரையறைதான். அசல் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் ஊசி இல்லை, சான்றிதழில் அந்த எண்ணைத்தான் எழுதுவார்கள். ஆகவே பாஸ்போர்ட் தாமதமானால் ஊசியும் தாமதமாகும். முட்டை அலர்ஜி உள்ளவர், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புசக்தி குறைக்கும் மருந்து எடுப்பவர், கர்ப்பிணி, 60 வயது தாண்டிய தலைவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசி வேறு ஏதாவது போட வேண்டியிருந்தால் ஒரே நாளில், இல்லையேல் நாலு வாரம் இடைவெளி விட்டு. டைபாய்டு, ஹெபடைடிஸ்-ஏ இரண்டும் கிளம்ப ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். டெட்டனஸ் பத்து வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும்.

மலேரியா: எல்லாவற்றையும்விட இதுதான் உயிருக்கு ஆபத்து. நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், அங்கே மலேரியா குறைவு. விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு அப்படியல்ல, நாட்டிலேயே மலேரியா மிகுந்த பகுதி அது. சென்னைப் பக்கம் நாம் பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அங்கே இருப்பது ஃபால்சிபாரம், ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. 'குளோரோகுயின் போட்டுக்கொண்டால் போதும்' என்று மூத்தவர்கள் சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

வழக்கமான தேர்வுகள் இரண்டு. டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று: கிளம்ப இரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பியபின் 28 நாள் வரை. உங்கள் கணக்கில் 2+12+28, ஆளுக்கு 42 மாத்திரை. விலை குறைவு. அட்டோவகோன்-புரோகுவானில் (250/100) தினம் ஒன்று: முன்பு 2, திரும்பியபின் 7, மொத்தம் 21. விலை கூடுதல், எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, மொத்தமாகச் சொல்லிவைத்து வாங்க வேண்டும். டாக்சிசைக்ளின் எடுப்பவர்கள் சாப்பிட்ட பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணிநேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இரவு படுக்கப் போகும்போது ஒரு மடக்கு நீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், அதனால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும். வாரம் ஒருமுறை போடும் மெஃப்ளோகுயின் வசதியாகத் தெரியும். மனநலப் பிரச்சினையோ வலிப்போ எப்போதாவது இருந்தவருக்கு அது ஆகவே ஆகாது, வாலிபர்கள் இதை வாயால் சொல்லவும் மாட்டார்கள். அதனால் பொதுவில் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் மருத்துவப் படிவத்தை நிரப்பி ஒட்டிய உறையில் தரட்டும், மருத்துவரும் ஒரு தலைவரும் மட்டும் பார்க்கட்டும்.

மாத்திரை தவறுவது எப்போதும் திரும்பி வந்த பிறகுதான். ஊருக்கு வந்தாயிற்று என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். 28 நாளும் வாட்ஸாப் குழுவில் தினம் பெயர்போட்டுச் சரிபார்க்க ஒருவரை வையுங்கள். திரும்பிய மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் 'ஆப்பிரிக்கா போய்வந்தேன்' என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. டெங்கு என்று நினைத்து இரண்டு நாள் பார்ப்பதற்கு நேரம் கிடையாது.

ஏரியில் குளிக்கவோ காலை நனைக்கவோ வேண்டாம். நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோலைத் துளைத்து நுழையும். புகைப்படத்துக்காக முழங்கால் தண்ணீரில் நிற்பது போதும் அதற்கு.

மருத்துவ முகாம்: இதை விட்டுவிடுங்கள் என்பேன். வெளிநாட்டு மருத்துவருக்கே கென்ய மருத்துவக் கவுன்சிலின் தற்காலிக உரிமம் வேண்டும். மாணவிகள் ஊசி போடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் இங்கே எது தவறோ அங்கேயும் அதுவே. பெட்டியில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் அங்கத்திய மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி தேவை. தானமாகப் போகும் மருந்துக்குச் சேரும்போது குறைந்தது ஒரு வருடம் காலாவதி மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், டாக்டர்கள் இலவசமாகத் தரும் சாம்பிள் அட்டைகள் அதில் தேறாது. எச்.ஐ.வி. மிகுந்த பகுதி அது. கையுறை இல்லாமல் ஒரு ஊசி குத்திவிட்டால் 72 மணிநேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், அதற்கு எங்கே ஓடுவீர்கள்? மாணவிகள் இருவரும் கைகழுவுதல், ஓ.ஆர்.எஸ். கரைத்தல் பற்றி உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரோடு சேர்ந்து வகுப்பெடுக்கட்டும்.

குழுவின் மருந்துப் பெட்டிக்கு ஓ.ஆர்.எஸ். ஆளுக்கு 6 பொட்டலம். ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டம்ளரில் பாதிப் பொட்டலம் போட்டுக் குடித்தால் உப்பு கூடிப்போய் நிலைமை மோசமாகும்.

நைரோபிவாசி:

மேலே இருவரும் சொன்னது சரி. வந்து இறங்கும் இடத்திலிருந்து சில விஷயங்கள்.

2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கென்யாவில் 100-க்கு 85 பேர் கிறிஸ்தவர்கள். ஜெர்மானிய மிஷனெரி கிராப் 1844-ல் மொம்பாசா வந்ததிலிருந்து எண்ணினால் 180 வருடச் சபை. நம் வாலிபர்களைவிட இங்குள்ள வாலிபர்கள் ஆங்கிலம் சரளமாகப் பேசுவார்கள், வேதவசனமும் கூடுதலாகச் சொல்வார்கள். 'இயேசுவை அறியாத மக்களுக்கு' என்று ஜெப அட்டை அச்சடித்து, அதை முகநூலிலும் போட்டு, அழைத்த சபையின் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்? பயிற்சியில் முதல் பாடமாக இதை வையுங்கள்: போவது உதவிக்கு, அவர்கள் சொல்லும் வேலைக்கு. நீங்கள் யோசித்து வைத்த மூன்றும் உங்கள் யோசனைதானா, அவர்கள் கேட்டதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் 'எது செய்தாலும் சந்தோஷம்' என்றுதான் வரும், அது மரியாதைக்குச் சொல்வது. 'இந்த வருடம் உங்கள் சபையில் ஆள் போதாமல் நிற்கும் வேலை எது?' என்று கேட்டால் உண்மையான பதில் வரும்.

தெருவில் உங்களை 'முஹிண்டி' என்பார்கள், இந்தியர் என்று அர்த்தம், வசவு அல்ல. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து கிசுமு வரை ரயில்பாதை போட இங்கே வந்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் கூலிகள். பின்னால் வணிகர்களாக நிலைத்த குஜராத்தி, பஞ்சாபிக் குடும்பங்களை வைத்துத்தான் இந்தியரைப் பற்றி இங்கே எண்ணம். இந்தியர் என்றால் கடை முதலாளி, பணம் உள்ளவர், வேலைக்காரரை அதட்டுபவர். உங்கள் பையன்கள் ஓட்டுநரை, சமையல் செய்யும் அம்மாவைக் கூப்பிடும் விதம் அத்தனை பேராலும் கவனிக்கப்படும்.

ஆராதனை மூன்று மணிநேரம் சாதாரணம். விருந்தினர் ஒவ்வொருவரையும் எழுப்பி, சபைக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்வார்கள். முன்னறிவிப்பெல்லாம் இருக்காது. ஒன்பது பேருக்கும் ஒரு நிமிட வாழ்த்து மனப்பாடமாக இருக்கட்டும்: 'ப்வானா அஸிஃபிவே' (கர்த்தருக்கு ஸ்தோத்திரம்) என்று தொடங்கினால் சபை 'ஆமென்' என்று முழங்கும், பிறகு பெயர், ஊர், ஒரு வசனம், உட்காரலாம். கிசுமு பக்கம் லுவோ மொழி, நன்றிக்கு 'எரோகமானோ' என்றால் பாட்டிமார்கள் கையை விடமாட்டார்கள். நேரம் சொல்லும்போது கவனம். சுவாஹிலியில் மணி காலை ஆறிலிருந்து எண்ணப்படும். 'மூன்று மணிக்கு வாருங்கள்' என்று சுவாஹிலியில் சொன்னால் காலை ஒன்பது. இந்தியாவைவிட இங்கே கடிகாரம் இரண்டரை மணிநேரம் பின்னால்.

பிரசங்கத்துக்கு மொழிபெயர்ப்பு இருக்கும். 30 நிமிடம் தந்தால் உங்கள் சரக்கு 13 நிமிடம்தான். வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்த வேண்டும், பாதியில் நிறுத்தினால் மொழிபெயர்ப்பவர் வினைச்சொல் இல்லாமல் தவிப்பார். வசனப் பட்டியலை முந்தின நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள். இதை ஊரிலேயே ஒருவர் ஆங்கிலத்தில் பேச, இன்னொருவர் தமிழில் சொல்ல, ஒத்திகை பாருங்கள்.

சுகமளிக்கும் ஜெபம் பற்றி ஒன்று கண்டிப்பாக. 2023-ல் கிலிஃபி மாவட்டத்து ஷகஹோலா காட்டில், ஒரு போதகர் பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடந்து செத்தவர்களின் உடல்கள் 400-க்கும் மேல் தோண்டி எடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் பிரசங்கியார்களை அரசும் ஜனங்களும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். நீண்ட உபவாசம், 'மருந்தை விட்டுவிடு' என்ற பேச்சு உங்கள் குழுவின் வாயிலிருந்து வரவே கூடாது. எச்.ஐ.வி. மருந்தை ஒருவர் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் நர்சிங் மாணவிகளே சொல்வார்கள்.

முறுக்கு, பொடி எல்லாம் கேரி பேக்கில் கட்டிக்கொண்டு வராதீர்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் இங்கே சட்டப்படி தடை, அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, சிறையும் உண்டு. துணிப்பை, எவர்சில்வர் டப்பா.

காணிக்கைப்பை:

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டுவிடுகிறேன். 12 பேரின் விமானச் செலவை அப்படியே அந்தச் சபைக்குக் கொடுத்தால் ஓர் உபதேசியாருக்கு எத்தனை வருடச் சம்பளம் ஆகும்? 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்கள் அனுப்பியது தெலுங்கு நாட்டுக்கு, டோர்னக்கலுக்கு. போனவர்கள் மொழி கற்று அங்கேயே இருந்தார்கள். பன்னிரண்டு நாளில் என்ன ஆகும்?

இது என் கருத்து. போவது என்று முடிவாகிவிட்டால் கணக்கை ஒழுங்காக வையுங்கள். உங்கள் சேகரத்து அறக்கட்டளைக் கணக்கிலிருந்து கென்யாவில் செலவு செய்தால், வருமான வரியில் அது அறப்பணிச் செலவாகக் கணக்கில் வராது, அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆடிட்டரிடம் பேசாமல் அறக்கட்டளைக் காசோலை கிழிக்காதீர்கள். பயணிப்பவர் தன் செலவைத் தானே கட்டுவது சுத்தமான வழி. கையில் வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை வாங்கலாம், பான் எண் வேண்டும். 2006-க்கு முந்தைய டாலர் நோட்டு, கிழிந்தது, கிறுக்கியது எதையும் அங்கே வாங்கமாட்டார்கள். இந்திய ரூபாயைக் கிசுமுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். தலைவர் ஒருவர் பாஸ்போர்ட் காட்டி உள்ளூர் சிம் வாங்கி எம்-பெசா (போன் வழியாகப் பணம் அனுப்பும் கணக்கு) திறந்துவிட்டால் வேன் வாடகை, தண்ணீர்க் கேன் எல்லாம் அதிலேயே முடியும், செலவுக் கணக்கும் தானாக வந்துவிடும். மொத்தத் திட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து அவசரத்துக்கென்று தனியே.

ஆராதனை நடுவிலேயே 'ஹராம்பே' என்று கட்டட நிதி திரட்டுவார்கள், விருந்தினரை முன்னால் அழைப்பார்கள். குழு என்ன கொடுக்கும் என்பது கிளம்புமுன் முடிவாகி, ஒருவர் கையால், ஒரே தொகையாகப் போகட்டும். ஆளுக்காள் உணர்ச்சிவசப்பட்டுக் கொடுத்தால் நாளைக்கு வரப்போகும் குழுவுக்கும் அந்தச் சபைக்கும் நடுவில் வேறொரு கணக்கு ஆரம்பித்துவிடும். பழைய துணி மூட்டை வேண்டாம். 'மிதும்பா' என்ற பழந்துணிச் சந்தை அங்கே எல்லா ஊரிலும் உண்டு.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தேதியை டிசம்பருக்கு மாற்றுவது பற்றி ஐயாவிடம் பேசிவிட்டேன், ஐயரம்மாவும் வரச் சம்மதம். மருத்துவ முகாம் இல்லை. காணிக்கைப்பை அண்ணன் கேட்டது எங்கள் கமிட்டியிலும் வந்த கேள்விதான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போது பயிற்சி பற்றிச் சொல்லுங்கள். எத்தனை வகுப்பு, எதை எடுப்பது? கிசுமுவில் ஓர் அனாதை இல்லத்துக்கும் ஒருநாள் போகலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஞாயிறுபள்ளி அக்கா:

அனாதை இல்லத்துக்கு வேண்டாம் தம்பி. கென்ய அரசு 2017-லேயே புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. 2022-ல் வந்த தேசியத் திட்டப்படி பத்து வருடத்தில் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அங்கிருக்கும் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உறவினரோ உயிரோடு இருப்பார்கள். பார்வையாளர் வருகையும் நன்கொடையும்தான் சில இல்லங்களைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே இருக்க வைக்கிறது. ஒருநாள் தூக்கிக் கொஞ்சிவிட்டு மறுநாள் காணாமல் போகும் அண்ணன் அக்காக்கள் மாதம் ஒரு கூட்டம் வந்தால் அந்தக் குழந்தை மனசு என்ன பாடுபடும்? சபைக் குடும்பங்களின் வீட்டுப் பிள்ளைகளோடு, பெற்றோர் இருக்கும்போது, விளையாடுங்கள். தனியாக ஒரு பிள்ளையோடு ஓர் அறையில் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படம் பெற்றோர் சம்மதமில்லாமல் எடுப்பதும் போடுவதும் இல்லை. காவல்துறையினர், ராணுவம், விமான நிலையம் இவற்றையும் படம் எடுக்கக் கூடாது.

பயிற்சிக்கு எட்டு வகுப்பு, இரண்டு வாரத்துக்கு ஒன்று, இரண்டு மணிநேரம். இரண்டு வகுப்புக்குமேல் வராதவரை எடுத்துவிடுவோம் என்று முதல் நாளே சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். யார் மகன், யார் மருமகள் என்று பார்த்தால் அங்கேபோய்த் தலைவலி. பாட்டு நன்றாகப் பாடுகிறவரைவிட, சொன்ன நேரத்துக்கு வருகிறவரை எடுங்கள்.

எட்டில் ஒன்று நாட்டைப் பற்றி, ஒன்று மருந்தும் சுத்தமும், ஒன்று பிள்ளைகள் பாதுகாப்பு, இரண்டு சாட்சியும் மொழிபெயர்ப்பு ஒத்திகையும். சாட்சி ஆங்கிலத்தில் மூன்று நிமிடம், 350 வார்த்தைக்குள் எழுதி வாசிக்கச் செய்யுங்கள். 'இரட்சிக்கப்பட்டேன், அபிஷேகிக்கப்பட்டேன்' என்று வார்த்தைகளை அடுக்காமல் நடந்ததைச் சொல்லட்டும். இன்னொரு வகுப்பு உள்ளூர்க் குழந்தைகளோடு வி.பி.எஸ். பாடத்தை முழுதாக நடத்திப் பார்ப்பது. கைவேலைக்கான காகிதம், பசை, கத்தரி எல்லாம் 80 பிள்ளைக்கு என்று நினைத்துப் போவீர்கள், அங்கே 200 வரும். ஆகவே பொருளே வேண்டாத பாடம், பந்து ஒன்று போதும் என்ற விளையாட்டு, மனப்பாட வசனத்துக்குக் கைச்சைகை, இதைப் பழக்குங்கள்.

மீதி இரண்டும் குழு உறவுக்கு. வகுப்பறையில் இது வராது. உங்கள் சேகரத்திலேயே வசதி குறைந்த ஒரு கிராமத்துச் சபையில் வெள்ளி இரவு முதல் ஞாயிறு மதியம் வரை தங்கச் செய்யுங்கள். வாளித் தண்ணீர்க் குளியல், தரையில் பாய், கொடுத்ததைச் சாப்பிடுவது, போனைச் சேர்த்து ஒரு பையில் வைப்பது. யார் முணுமுணுக்கிறார், யார் சட்டி கழுவுகிறார் என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். அங்கே முழு மீன் தலையோடு உகாலி எனும் களி வரும், விருந்தாளிக்கென்று சிறந்த துண்டை எடுத்து வைப்பார்கள். சாப்பிடுமுன் வீட்டார் கிண்ணியோடு வந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், எழுந்து குழாய் தேடக் கூடாது. சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் முன்பே எழுதிவிடுங்கள், தட்டு வந்தபின் மறுப்பது வீட்டம்மாவை வருத்தும்.

விதிகள் ஒரு பக்கத்தில், பெற்றோர் கையெழுத்தோடு. இரவில் சாலைப் பயணம் இல்லை, போடா-போடா மோட்டார்சைக்கிள் இல்லை, இருவராக அல்லாமல் வெளியே போவது இல்லை. குழுவுக்குள் புதுக் காதல் அந்த 12 நாளில் இல்லை. இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எழுதிவிடுங்கள். அங்குள்ளவர் யாருக்கும் கல்விச்செலவு, வேலை, இந்தியாவுக்கு அழைப்பு என்று வாக்குக் கொடுப்பது இல்லை. திரும்பிய பிறகு வாட்ஸாப்பில் பணம் கேட்டுச் செய்தி வரும், நியாயமான தேவையாகவும் இருக்கும். அதை நேரே அனுப்பாமல் தலைவரிடம் தர வேண்டும், தலைவர் அந்தச் சபைப் போதகரிடம் கேட்பார்.

விதியை மீறினால் என்ன என்பதையும் எழுதுங்கள்: சொந்தச் செலவில் அடுத்த விமானம். அதைச் செய்யத் துணிவில்லாவிட்டால் எழுதாதீர்கள்.

பெட்டிபடுக்கை:

அக்கா சொன்னதோடு காப்பீடு விட்டுப்போயிற்று. ஆளுக்கு 50,000 டாலர் மருத்துவப் பயணக் காப்பீடாவது எடுங்கள். பாலிசித் தாளில் உடலுழைப்பு வேலை விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சபைக்குச் சுவர் கட்டும்போது கால் ஒடிந்தால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். கிசுமுவில் பெரிய விபத்தென்றால் நைரோபிக்குக் கொண்டுபோக வேண்டும், சாலையில் ஏழெட்டு மணிநேரம். விமான ஆம்புலன்ஸ் பாலிசியில் இல்லையென்றால் நைரோபியிலுள்ள அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் அமைப்பில் பயணிகளுக்கான குறுகியகாலச் சந்தா எடுக்கலாம். அங்கத்திய அவசர எண் 999, 112 இரண்டும். நைரோபி இந்தியத் தூதரக எண்ணும் அழைத்த சபையின் இரண்டு எண்ணும் அச்சிட்ட அட்டையாக ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கட்டும், போன் சார்ஜ் இல்லாதபோதும் பயன்படும்.

தாமிரபரணிக்கரை:

நன்றி அண்ணே. சார்ஜ் என்றதும் கேட்கிறேன், நம் பிளக் அங்கே சேருமா?

நைரோபிவாசி:

சேராது. மின்னழுத்தம் ஏறக்குறைய நம்முடையதேதான், இங்கே 240 வோல்ட், ஆனால் மூன்று தட்டையான செவ்வகக் கம்பி உள்ள பிரிட்டிஷ் பிளக். 12 பேருக்கு 12 அடாப்டர் வாங்காதீர்கள். நாலு அடாப்டர், நாலு நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பலகை. அடாப்டர் வாங்கும்போது ஃப்யூஸ் உள்ளதாகப் பாருங்கள். கிராமத்தில் தங்கும் நாட்களில் மின்சாரம் போய் வரும், பவர்பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டால் சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள்.